இருட்டுக் கணக்கு

மூன்று விலைச்சிட்டை வேண்டும் என்றார்
கொள்வனவுப் பிரிவின் குலவீரசிங்கம்.
பதினெட்டு வருசமாய்க் கதிரையும் வாளியும்
வெண்கட்டியும் வாங்கிக் கொடுத்தவர்.
ஒளியை உணர ஒரு கண் வேண்டுமென்று
எந்தப் படிவத்தில் எழுதுவது?
'ஏனையவை' என்ற பெட்டிக்குள்
இடித்து நெருக்கி எழுதினேன்.

முதலாவது, ஒளிப்பெருக்கிக் குழாய்.
ஒரேயொரு ஒளித்துணிக்கை விழுந்தால் போதும்,
சந்தியில் ஒருத்தி சொன்ன கதை
சந்தைக்குள் வந்து சேர்ந்தது போல
பத்துப் படி உருண்டு
பத்து இலட்சமாய் வெளியே வரும்.
படித்த காலத்திலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண்.
ஆனால் ஆயிரம் வோல்ற்று கேட்கும்.
மின் ஏறியிருக்க மூடியைத் திறந்தால்
பகல் வெளிச்சமே அதற்குப் பாடை.
எங்கள் ஆய்வுகூடத்தில்
மூடியைத் திறந்து பாராத ஆள் யார்?

இரண்டாவது, சீசீடி.
இரண்டாயிரத்துச் சொச்சம் கண் ஒரே வரிசையில்,
முழு நிறமாலையையும் ஒரே மூச்சில் பார்க்கும்.
அதற்குக் குளிர் வேண்டும்.
ஏறத்தாழ ஏழு பாகை சூடு கூடினால்
அதன் இருட்டு இரட்டிக்கும்.
இருட்டென்றால்,
ஒளியே படாதபோதும்
எதையோ கண்டதாய் அது எழுதும் எண்.
சித்திரை வெயில், திருநெல்வேலி,
தைமாதமே மூச்சை விட்ட குளிரூட்டி.
அந்தச் சிட்டையை மடித்து வைத்தேன்.

மெற்றில்டாவுக்குப் போன் எடுத்தேன், பேராதனைக்கு.
"உன்னட்ட வெளிச்சம் பஞ்சமோ தாராளமோ?
முதல் அதைச் சொல்லு" என்றாள்.
அவளுடையது பஞ்சம். சிதறும் ஒளியில்
கோடியில் ஒன்றுக்காகக் காத்திருக்கிறவள்.
என்னுடையது கிணற்றுத் தண்ணீர்.
தியூத்தேரியம் விளக்கு கொட்டுகிற வெளிச்சத்தில்
தண்ணீருக்குள் இருக்கும் நைத்திரேற்று
எவ்வளவை விழுங்குகிறது, அவ்வளவுதான் கேள்வி.
நிறைகுடத்தில் ஒரு மிடறு குறைந்ததை அறிய
பாம்புச்செவி வேண்டாம்.
தளம்பாத தராசு போதும்.

ஆகவே மூன்றாவது, சிலிக்கன் ஒளியிருவாயி.
சட்டைப் பொத்தானளவு.
ஊதாக்கடந்த ஒளிக்கென்று பதப்படுத்தி
குவாட்ஸ் சன்னல் வைத்தது.
எதையும் பெருக்காது. வந்ததை வந்தபடி சொல்லும்.

"பிள்ளை, இதே பொத்தான்
கொழும்பில நாலிலொரு விலைக்குக் கிடக்கு"
என்று வந்தார் குலவீரசிங்கம்.
வாங்கிப் பார்த்தேன். வெறும் கண்ணாடிச் சன்னல்.
"இருநூற்றிருபது நனோமீற்றர் இதுக்குள்ள போகாது ஐயா."
"வெளிச்சம் கண்ணாடிக்குள்ளால போகாதோ?"
பழைய கருவிக்கு முன்னால் கூட்டிப்போய்
அவர் மூக்குக்கண்ணாடியையே வாங்கி
ஒளிப்பாதையில் பிடித்தேன்.
முள் பூச்சியத்தில் படுத்தது.
கண்ணாடியில்லாத கண்ணைச் சுருக்கி
முள்ளைத் தேடியபடி, "எது படுத்தது?" என்றார்.
பிறகு கையெழுத்து வைத்தார்.

வந்தது ஆடியில்.
பூட்டிய அன்று முதல் வேலை
திரையை மூடி இருட்டை அளப்பது.
காலையில் மூன்று. மத்தியானம் ஐந்து.
ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்துவிட வேண்டும்.
கழிக்காவிட்டால் கருவி தன் சூட்டையும்
தண்ணீரின் தலையில் கட்டிவிடும்.

வெங்காயத் தறைகளுக்கு நடுவிலிருந்து
இருபத்தாறு போத்தல் வந்திருந்தன.
பதினேழாவதை மூன்றுதரம் வைத்தேன்.
ஐம்பதில் நிற்கவேண்டிய எண்
எழுபத்தொன்று, எழுபது, எழுபத்தொன்று.
விளக்கைச் சந்தேகித்தேன்,
குவளையைக் கழுவினேன்,
இருட்டைத் திரும்ப அளந்தேன். அது ஐந்தேதான்.
சுட்டுத்துண்டில் நீலப் பேனையால்
'கைக்குழந்தை உண்டு' என்று யாரோ எழுதி
தொலைபேசி எண்ணும் போட்டிருந்தார்கள்.

எடுத்தது ஒரு பெண்.
மாப்பால் கரைக்க அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றேன்.
பின்னால் குழந்தை சிணுங்கியது.
"நல்லாக் கொதிக்கவைச்சா?"
"கொதிக்கவைச்சாக் கூடும், அக்கா."
நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"அப்ப எந்தக் கிணத்தில அள்ளுறது?"

மேசையில் இன்னும் ஒன்பது போத்தல்.
"பக்கத்து வீட்டுத் தண்ணியும் இஞ்ச இருக்கோ தெரியேல்ல.
வையாதேங்கோ, பாக்கிறன்"
என்று, போனைத் தோளில் இடுக்கியபடி
பதினெட்டாவதன் மூடியைத் திருகினேன்.