விகுதி

அணிவகுப்பில் கட்டளை மலாயில்தான் வரும்.
'செடியா' என்று முதன்முதல் கேட்ட அன்று
செடியா, கொடியா என்று சிரித்துவிட்டேன்.
சிரிப்புக்கு இருபது தண்டால்.
பதினோரு வருடமாயிற்று.
இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தால்
தூக்கத்திலும் குதிகால்கள் ஒட்டிக்கொள்கின்றன.

ஹெண்டன் முகாமில்
மார்புப் பட்டையைத்தான் கண் முதலில் படிக்கும்,
முகத்தை அப்புறம்.
எனக்குக் கோடுகள்.
கர்னல் சியாவுக்கு
சிங்கமும் புலியும் தாங்கும் சின்னம், இரண்டு.
அவர் நடந்துவந்தால் நடைபாதையே நிமிரும்.

இன்று விடியலில், சி-130க்குள்,
வரிசையில் அவர் ஏழாவது ஆள்.
கதவருகே நான். குதிப்பவர்களுக்கு இன்று நான் பொறுப்பு.
கதவு திறந்ததும்
ஜொகூர் நீரிணை காற்றாக உள்ளே வந்து
எல்லார் பேச்சையும் தின்றது.
அதன்பின் கைச்சைகைதான்.
நல்லவேளை.
குதி என்பதா, குதிங்க என்பதா,
குதியுங்கள் ஐயா என்பதா என்று
தமிழில் யோசித்து முடிப்பதற்குள்
செம்பவாங் திடல் பின்னால் போயிருக்கும்.
கைக்கு விகுதி கிடையாது.

எழுந்திரு.
கொக்கியை மாட்டு.
முன்னால் நிற்பவன் முதுகைப் பார்.
கடைசியிலிருந்து தட்டல் முன்னோக்கி வந்தது,
தொடைக்குத் தொடை,
பத்து, ஒன்பது, எட்டு.

எட்டு என்றால் ஃபத்லி. கார்ப்பரல். வயது இருபது.
முகாமில் கர்னலின் நிழலைக்கூட மிதிக்கமாட்டான்.
அவர் முதுகில் கை வைத்தவன்
அப்படியே நின்றுவிட்டான்.
தட்டவில்லை.
என்னைப் பார்த்தான்.

பாராசூட்டை இழுத்துத் திறக்கும் பட்டை
அவர் அக்குளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.
குதித்திருந்தால் தோள் போயிருக்கும், அல்லது அவரே.
பச்சை விளக்குக்கு எட்டு விநாடி.
அவிழ்த்து மாட்ட நேரமில்லை.
அவரை வரிசையிலிருந்து இழுத்தேன்.
உட்கார் என்று கையால் காட்டினேன்.
ஒரு விநாடி
இரண்டு சின்னங்களும் அவர் கண்ணுக்குள் ஏறி நின்றன.
பிறகு உட்கார்ந்தார்.
அவரைத் தாண்டிப் பையன்கள் ஒவ்வொருவராக
வெளிச்சத்துக்குள் விழுந்தார்கள்.

விமானம் மறுபடி வட்டமடிக்கும்வரை
நீளப் பலகையில் தனியாக, முழங்கால் சேர்த்து,
பள்ளிக்கூட வாசலில் யாரும் கூப்பிட வராத
பிள்ளைபோல் இருந்தார்.
பட்டையைச் சரிசெய்தேன்.
இழுத்துப் பார்த்தேன், இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன்.
பச்சை.
தொடையில் தட்டினேன்.
எழுநூறு பேரை ஆளும் மனிதர்
என் உள்ளங்கைக்குக் கீழ்ப்படிந்து
வானத்துக்குள் போனார்.

மாலையில் ஆயுதக் கிடங்கருகே எதிரே வந்தார்.
சல்யூட் அடித்தேன். திருப்பி அடித்தார்.
இரண்டு எட்டு போய் நின்றார்.
'ஸ்டாஃப்.'
நன்றியா, திட்டா?
எதற்கும் தயாராக நின்றேன்.
'முடி காதைத் தொடுகிறது. வெட்டு.'
ஆங்கிலத்தில்தான் சொன்னார்.
அந்த மொழியில் விகுதி இல்லை.
இல்லாமலேயே கேட்டது.
'யெஸ், சார்.'

ஃபத்லிக்கு இன்று இரவு கழிவறை கழுவும் முறை.
அதை யாரும் மாற்றவில்லை.
அவனும் கேட்கவில்லை.

சாங்கி வில்லேஜில் கடை மூடும் நேரம்.
முடிவெட்டுபவர் பெயர் தெரியாது,
என் பெயரை அவரும் கேட்கவில்லை.
வெள்ளைத் துணியை உதறி
கோடுகளோடு சேர்த்து என்னைக் கழுத்துவரை மூடினார்.
இரண்டு விரலைப் பிடரியில் வைத்து
இலேசாக அழுத்தினார்.

குனிந்தேன்.