பூஜ்யத்தை மடியில் வைத்துக்கொண்டு

டோலோன் கணவாயில் வண்டி குலுங்கும்போதெல்லாம்
பெட்டியை மார்போடு அணைத்துக்கொள்கிறேன்.
உள்ளே குழந்தையா என்கிறான் மெலிஸ்.
பிளாட்டினம், என்கிறேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி.
ஓர் அடி பட்டால் போதும்,
பனிக்கட்டியில் நூறு ஓம் என்று சொல்லவேண்டியது
நூறும் கொஞ்சமும் என்று சொல்லத் தொடங்கிவிடும்.
அந்தக் கொஞ்சத்தை அது ஒப்புக்கொள்ளவே கொள்ளாது.

அத்-பாஷிக்கு அப்பால் ஒற்றைமாடிச் சுகாதார நிலையம்.
கொதிகலன் அறையில் போன வருட நிலக்கரி வாடை.
சுவரில் வட்டமுகத்து மானி:
ஒட்டவைத்த இரண்டு உலோகத் தகடுகள்,
சூட்டில் ஒன்று நீளும், மற்றது முரண்டு பிடிக்கும்,
அந்தச் சண்டையில்தான் முள் நகரும்.
முள் எழுபதில் நிற்கிறது.
இந்தக் குளிருக்கு அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை.
எர்கின்பெக் தோளைக் குலுக்குகிறார்:
நாங்கள் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

கிருமி நீக்கும் கலத்தில் தெர்மோகப்பிள்.
இருவேறு கம்பிகள், நுனியில் ஒரு முடிச்சு,
சுட்டால் சில மில்லிவோல்ட் முணுமுணுப்பு.
ஆயிரம் முறை வெந்து ஆறியதில் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது.
ஒரு டிகிரி குறைத்துச் சொல்கிறது,
ஆகவே ஒரு டிகிரி கூடவே வேகவைக்கிறது.
மன்னிக்கலாம். எழுதிக்கொள்கிறேன்.

பிறகு, தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி.

இந்த உயரத்தில் தண்ணீர்
தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடும், நம்ப முடியாது.
பனிக்கட்டியை நம்பலாம்.
துணியில் சுற்றி மரச்சுத்தியால் நொறுக்கி
வாலை வடித்த தண்ணீர் ஊற்றி, ஃபிளாஸ்கில் கூழாக்கி
அவர்கள் தெர்மிஸ்டரையும் என் பிளாட்டினத்தையும்
ரப்பர் வளையத்தில் கட்டி இறக்குகிறேன்.
பத்து நிமிடம்.
என்னுடையது பூஜ்யம்.
அவர்களுடையது மூன்று புள்ளி எட்டு.

மீண்டும் கலக்கினேன். மூன்று புள்ளி எட்டு.

பதிவேட்டைக் கொண்டுவருகிறாள் உல்கான்.
நீல மை. காலை, மாலை. பதினோரு மாதம்.
மூன்று, மூன்று, இரண்டரை, மூன்று.
நவ்ரூஸ் அன்றும் வந்து எழுதியிருக்கிறாள்.
ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.
ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி எட்டைக் கழித்துக்கொண்டே போகிறேன்,
அவள் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உறைக்குள் ஈரம் கசிந்திருக்கிறது.
சூடேறினால் தடை இறங்கும் ஜாதி அது,
ஈரம் பட்டாலும் இறங்கும்.
எதனால் இறங்கியது என்று கேட்கத் தெரியாது கருவிக்கு.
வெப்பம் என்றே படித்தது, அதற்கேற்பக் குளிரூட்டியது.

இரண்டு குப்பிகளை எடுத்தோம்.
ஒன்றை வேண்டுமென்றே இரவெல்லாம் உறையவைத்து, உருகவிட்டு,
இன்னொன்று அலமாரியில் இருந்தபடி.
மறுநாள் சேர்த்துக் குலுக்கி ஜன்னலோரம் நிறுத்தினோம்.
அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.
வெளியே ஒரு பையன் கழுதையோடு தகராறு செய்துகொண்டிருந்தான்.
கெடாத மருந்து கலங்கியே நிற்கும்.
உறைந்து கெட்டதுதான் சீக்கிரம் தெளியும்.
இரண்டும் அழகாகத் தெளிந்தன.

இருபத்தாறு பிள்ளைகள், என்றாள்.
சில வீட்டார் இன்னும் மேய்ச்சலிலிருந்து இறங்கவில்லை.
எல்லாருக்கும் மறுபடி ஊசி.
அய்தெமிரின் அம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

பெட்டியைப் பூட்டும்போது கேட்டாள்:
உங்களுடையதை யார் பார்க்கிறார்கள்?
பிஷ்கெக்கில், வருடம் ஒருமுறை.
அவர்களுடையதை?
எல்லை தாண்டி, இன்னும் பெரிய கூடத்தில்.
கடைசியில் ஒரு மூடிய கண்ணாடிக் குடுவை இருக்கிறது,
அதற்குள் தண்ணீர், பனி, ஆவி, மூன்றும் சேர்ந்து.
அதை?
அதை யாரும் பார்ப்பதில்லை, என்றேன். அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.
அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மாலை ஆறு. பழக்கத்தில் பேனாவைத் திறந்தவள்
குளிர்ப்பெட்டியின் முகத்தைப் பார்க்கிறாள்: மூன்று.
என் பக்கம் திரும்புகிறாள்.
மைனஸ் புள்ளி எட்டு, என்கிறேன்.
காலியான பெட்டிதான், இருந்தாலும் எழுதுகிறாள்.
அந்தச் சிறு கோட்டை இரண்டு முறை இழுக்கிறாள்,
முதல்முறை மை வரவில்லை.