பார்த்தான்

லுக்துனத்தில், பாலத்தின் மேற்கு முனையில்,
மீன்காரிகளுக்கும் கடனாளிகளுக்கும் நடுவே
என் முதலாளியின் கல்மேசை.
எனக்கு அவர் வைத்த பெயர் ஃபிலார்குரஸ்.
வெள்ளிப்பிரியன் என்று அர்த்தம்.
விலைக்கு வாங்கிய நாயை
ராஜா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டல்லவா.

காசைச் சுண்டுவேன், மோப்பம் பிடிப்பேன்,
நாக்கு நுனியில் வைப்பேன்.
நல்ல வெள்ளிக்கு ருசி கிடையாது.

ஒரே வருடத்தில் தலைப்பக்கம் மூன்று முகம்:
ஒட்டிய கன்னம்,
வழுக்கையை மறைத்த சுருள்முடி,
மடிப்பு மடிப்பாய்த் தாடை.
நான்காவது வந்துகொண்டிருக்கிறதாம்.
பூப்பக்கம் மட்டும் அதே பெண்கள்.
ஒலிவக் கிளையோடு சமாதானம்,
கையில் தொப்பியோடு சுதந்திரம்.
விடுதலையான அடிமைக்குப் போடுகிற தொப்பி அது.
நாளைக்கு இருநூறு தொப்பிகள்
என் விரல்வழியே போகும்.
ஒன்றும் என் தலைக்கு அளவில்லை.

நேற்று துணிவெளுக்கும் அத்நாமா வந்தாள்.
கன்னத்துக்குள்ளிருந்து எடுத்துத்
துடைத்து வைத்தாள், ஒரே ஒரு தெனாரியஸ்.
கிரெமோனாவில் செத்த தம்பியின் பாக்கி என்று
படைக்கணக்கர் கொடுத்தனுப்பியது.
பூப்பக்கத்தில் கோத்த இரண்டு கைகள்,
சுற்றிலும் எழுத்து.
படிக்கச் சொன்னாள்.
படைகளின் விசுவாசம், என்றேன்.
குனிந்து பார்த்துக் கேட்டாள்:
இதில் எது அவன் கை?

கல்லில் போட்டேன்.
வெள்ளியென்றால் கணீரென்னும்.
இது தொண்டை கட்டியவன்போல் இருமியது.
சந்தேகமென்றால் உளி.
அரசன் முகத்தை வெட்டினால் தலை போகும்;
பூப்பக்கம் வெட்டலாம், கேள்வியில்லை.
விரல் விரலைப் பிடித்த இடத்தில் வைத்து
ஒரே தட்டு.
முலாம் நகத்தளவு உரிந்து சுருண்டது.
உள்ளே சிவப்பு.

செம்பு, செல்லாது, என்றேன்.
யார் ஏமாற்றியது என்று அவள் கேட்கவில்லை.
"ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்கதானாமே
அந்தச் சண்டையில," என்றாள்.

கள்ளக்காசு முதலாளியின் பானைக்குப் போக வேண்டும்.
விதி அது.
காரத்தில் வெந்து தோலுரிந்த அவள் உள்ளங்கை
மேசைமேல் மல்லாந்து கிடந்தது,
மூடாமல்.
வைத்தேன்.

சாயங்காலம் பைகளைக் கட்டி முத்திரையிட்டு
எலும்புச் சீட்டை எடுத்தேன்.
என் பெயர், முதலாளி பெயர், தேதி.
சோதித்த பைக்கெல்லாம் வெட்டுகிற சொல் ஒன்றுதான்:
பார்த்தான்.

எலும்புத்தூளை ஊதிவிட்டு
அந்தச் சொல்லை மட்டும்
இன்னொரு முறை வெட்டினேன்.