நடுவே ஒரு சொல்

நாற்பது வருசமாய் மீன் வயிறு கீறுகிறேன்.
சீலா, கட்டா, திருக்கை.
பித்தப்பை உடையாமல் எடுக்க
கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.
என் வயிற்றை நான் பார்த்தது
ராம்நாட்டில், போன மாதம்,
பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம்,
தொண்டையில் மருந்துக் கசப்பு,
எச்சில் வழிய ஒருக்களித்துப் படுத்தபடி.

திரையில் ஈரமாய், இளஞ்சிவப்பாய்
நன்றாகத்தான் இருந்தது.
கீழ்ப்பக்கம் மட்டும் வெளிறிய திட்டுகள்,
உப்புப் பூத்த என் வீட்டுச் சுவர் போல.

ஆறு துணுக்கு கிள்ளினார்கள்.
நெத்திலிக் கண் அளவுகூட இல்லை.
மதுரைக்குப் போய்
பத்தாம் நாள் ஒரு காகிதமாகத் திரும்பி வந்தன.

டாக்டரம்மா படம் வரைந்தாள்.
இரைப்பையின் உள்தோல்
தான் இரைப்பை என்பதை மறந்து
குடலாக மாறப் பார்க்கிறதாம்.

புற்றா?
இல்லை.
அப்ப ஒண்ணுமில்லையா?
அதுவும் இல்லை.
நிறையப் பேருக்கு இப்படியே கிடக்கும்.
சிலருக்கு நகரும்.
நான் எந்தப் பக்கம் என்று
படத்தில் எழுதவில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.
திருக்கைக் கருவாடு இல்லாமல்
கஞ்சி குடிக்காத மனுசன்,
கடைசி இரண்டு மாதம்
கஞ்சியும் இறங்கவில்லை.
பேனாவை ஒரு நொடி நிறுத்தி
எழுதிக்கொண்டாள்.

கிருமிக்குப் பதினாலு நாள் மாத்திரை.
உப்பைக் குறை, கருவாட்டைக் குறை.
சிரித்துவிட்டேன்.
கடையில் எட்டு மூட்டை கிடக்கிறது,
என் கைரேகை முழுக்க உப்பு.
விற்கலாம், தின்னத்தான் கூடாது என்று
அவளும் சிரித்தாள்.

பஸ் பாம்பன் பாலம் ஏறும்போது
பிரிட்டோ போன் போட்டான்: என்னம்மா சொன்னாங்க?
புற்றுக்கும் இல்லைக்கும் நடுவே
எங்கள் ஊரில் சொல் கிடையாது.
அல்சர் என்றேன்.

ஆனால் ஊத்து உண்டு.
தெற்குவாடி மணலில்
கடலுக்கு இருபதடி தள்ளித் தோண்டி
சிரட்டையில் கோரிக் குடிக்கும் தண்ணீர்.
ஏதோ ஒரு கோடையில்
நாக்கின் ஓரம் மட்டும் லேசாய்க் கரிக்கும்.
உப்பென்று யாரும் மூடுவதில்லை.
நல்ல தண்ணீர் என்று
யாரும் சத்தியம் செய்வதுமில்லை.
தினமும் முதல் சிரட்டையை
நுனிநாக்கில் வைத்துப் பார்ப்போம்,
அவ்வளவுதான்.

மூன்று வருசம் கழித்து மறுபடி குழாய்.
மூன்று தடைக்காலம் என்று
கணக்கு வைத்திருக்கிறேன்.

இன்று மத்தியானம்
சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரிக்காய்.
கை தானாக ஜாடிக்குள் போய்
மூன்று கல்லுப்பு எடுத்தது.
இரண்டைத் திரும்பப் போட்டது.