பாலத்தில் மூன்று கோடு

வாழைச்சேனைக் கந்தோரில்
விண்ணப்பத்தைப் புரட்டாமலே சொன்னார்:
"பாலத்துக்கு அங்கால வயர் வரல்ல, மிஸ்.
மூணு மாசம் பொறுங்க.
அதுவரைக்கும் தற்காலிகமா ஏதாவது..."

தற்காலிகம்.
அந்தச் சொல்லுக்குள் வளர்ந்தவள் நான்.
தகரத்தில் எழுதியிருந்தது. தறப்பாளில் அச்சடித்திருந்தது.
ஆறாம் வகுப்புவரை
என் பள்ளிக்கூடத்தின் பெயரோடு
அடைப்புக்குறிக்குள் கூடவே வந்தது.
மூன்று மாதம் என்றால் எத்தனை மாதமென்று
எனக்குக் கணக்குத் தெரியும்.

நண்டுக்குத் தெரியாது.
எட்டு மணிக்கு வள்ளம் கரைதட்டும்.
பூபாலன் அண்ணர் கால் கட்டிய நண்டுகளைத்
தராசில் வைப்பார், முள் நிற்காது,
நண்டு மூச்சு விடுகிறதல்லவா.
பத்துக்கு முன்னால் நீர்கொழும்புக்குப்
பட்டியல் போக வேண்டும்:
பெரியது இத்தனை, நடுத்தரம் இத்தனை,
கால் போனது இத்தனை.
பத்து ஐந்துக்குப் போனால் விலை வேறு.
பத்தரைக்குப் போனால் "நாளைக்குப் பாப்பம்."
நாளை என்பது
செத்த நண்டு.

யோகமலருக்கு விழுந்த சீட்டுக் காசில்
டொங்கிள் ஒன்று வாங்கினோம்.
கூரையில் வைத்தோம், ஒரு கோடு.
முருங்கையில் ஏறிக் கட்டினோம்,
கொப்பு முறிந்தது, அந்த ஒரு கோடும் போனது.
தாச்சிக்குள் வைத்தால் இழுக்கும் என்றான்
மோட்டார்சைக்கிளில் மீன் விற்கும் அஸ்மீர்.
தாச்சிக்குள் வைத்தோம்.
அன்றைக்குப் பட்டியலும் போகவில்லை,
பொரியலும் இல்லை.

மறுகா அவனே வந்து சொன்னான்:
"பாலத்துக்கு நடுவுல நிண்டு பாருங்க, அக்கா.
கட்டார்ல இருக்கிற எண்ட தம்பி
பக்கத்துல நிக்கிற மாதிரித் தெரியிறான்."

அன்றிலிருந்து
பனிச்சங்கேணிப் பாலம் எங்கள் கந்தோர்.
இரண்டு பக்கமும் தண்ணீர், வாடகை இல்லை.
ரெஜிபோம் பெட்டி மூடியில்
யோகமலர் எழுதித் தந்த எண்கள்.
ஒரு கையில் குடை, வெயில் திரையைத் தின்னாமல்.
மறு கையில் ஒரேயொரு விரல் மிச்சம், அதால் தட்டுவேன்.
திருகோணமலை பஸ் போனால் பாலம் அதிரும்.
அப்படி அதிர்ந்த ஒருநாள்
பதினெட்டுக் கிலோ நூற்றுப் பதினெட்டாகப் போய்விட்டது.
அன்றைக்குத்தான் நீர்கொழும்பு முதன்முதலாக
என்னை "மேடம்" என்றது.
மன்னிப்புக் கேட்கவும்
அதே மூன்று கோடுதான் வேண்டியிருந்தது.

ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.
பரீட்சை முடிவு கேட்டு ஒரு பொடியன்,
கொரியா வேலைக்கு ஃபோம் நிரப்ப இன்னொருவன்.
வீச்சுவலையைத் தோளில் போட்டபடி ஒரு கிழவர்:
"புள்ள, ஒள்ளுப்பம் பாத்துச் சொல்லு,
நாளைக்குக் காத்து எப்பிடி?"
"உங்களுக்குத் தெரியாத காத்தா?" என்றேன்.
"எனக்குத் தெரியும்.
அதுக்குத் தெரியுமா எண்டுதான் கேட்டன்."
வடகிழக்கு, பத்து மைல் என்று வாசித்தேன்.
தலையை ஆட்டினார், பிழையுமில்லை என்பதுபோல.

ஐந்தாம் மாதம், ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு,
பட்டியல் ஏறிக்கொண்டிருக்கும்போது
அதே கந்தோரிலிருந்து அழைப்பு.
லைன் இழுக்க ஆட்கள் வருகிறார்களாம்,
கடைக்கு அடையாளம் சொல்லட்டாம்.
"பாலத்துக்கு நடுவில" என்று
வாய் முந்திவிட்டது.

அந்தப் பக்கம் பேனா எழுதும் சத்தம்.
"பாலத்துக்கு நடுவில," அவர் திருப்பிச் சொன்னார்,
"எந்தப் பக்கம், மிஸ்? இடமா, வலமா?"

திருத்த நினைத்தேன்.
சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
தொண்ணூற்று நான்கு வீதம்.
கீழே வாவி கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
"ஒள்ளுப்பம் பொறுங்க" என்றேன்,
"நண்டு போயிரட்டும்."