பந்தைப் பார்க்காதவன்

கிளைபேடா அரங்கில்
நாலாயிரம் பேர் பந்தைப் பார்ப்பார்கள்.
நான் கால்களைப் பார்ப்பேன்.
இருபத்தேழு வருடமாக அப்படித்தான்.
வெளியூர் ஆட்டம் என்றால், ஜெயித்தோமா என்று
பேருந்து ஓட்டுநர் வால்டேமாரசிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

மேசையில் முதலில் ஏறுவது கணுக்கால்.
மழித்த தோலில் பசைத் தெளிப்பு.
மேலே நங்கூரமாக இரண்டு சுற்று,
அடியிலிருந்து இழுத்து ஒரு லாடம்,
குதிகாலைப் பூட்டி ஓர் எட்டு,
அதன் மேல் இன்னோர் எட்டு.
காலுக்கு இரண்டரை நிமிடம்.
"இறுக்குதா?"
இதைத் தவிர நான் வேறெதுவும் பேசியதாக
எந்த ஆட்டக்காரனுக்கும் ஞாபகம் இருக்காது.
டாக்டர் என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை.
டேப்பில் சுருக்கம் விழுந்தால் கொப்புளம்;
கொப்புளம் வந்தால்தான் என் பெயரை விசாரிப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் வெட்டி எடுப்பேன்.
என் உழைப்பு மொத்தமும்
குப்பைத்தொட்டியில் கிடக்கும்,
கால் வடிவில்,
இன்னும் வெதுவெதுப்பாக.

ஒருமுறை ரீகாவிலிருந்து திரும்பும் வழியில் ஐஸ் தீர்ந்துபோனது.
வண்டியை நிறுத்தி, சாலையோரப் பனியை வாளியில் அள்ளி
ஏழு முழங்கால்களுக்குக் கட்டினேன்.
பைன் ஊசிகள் தோலில் குத்தியிருக்கும்.
ஒருவனும் குறை சொல்லவில்லை, தோற்றிருந்தார்கள்.

குப்புறப் படுத்தால் ராட்சதர்களும் பேசுவார்கள்.
அலபாமாவிலிருந்து ஒரே ஒரு குளிர்காலத்துக்கு வந்த டெரோல்ட்
விடுமுறை நாளிலும் வந்து காலை நீட்டுவான்.
காலில் ஒன்றும் இருக்காது.
நவம்பர் முழுக்க
அவனைத் தொட்ட மனிதன் நான் ஒருவன்தான்
என்று பிற்பாடு புரிந்தது.
பூசி, சுற்றி, வெட்டி, அனுப்பினேன்.
பிப்ரவரியில் அவன் ஒப்பந்தத்தையும் வெட்டினார்கள்.

ஸ்கிர்மந்தாஸ் இந்த ஊர்ப் பையன்,
துறைமுகத்துக் கிரேன் ஓட்டுபவரின் மகன்.
அரையிறுதி நாளில் அவன் இடது குதிநாணை
இரு விரலால் பிடித்து, பாதத்தை அசைக்கச் சொன்னேன்.
உறைந்த பனி மேல் யாரோ நடப்பது போல்
விரலுக்கடியில் நறநறத்தது.
"வலி இல்லை" என்றான்.
அவன் அப்பா அதற்குள்ளாகவே மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.
கோச் கதவில் நின்றார்.
புருவத்தைத் தவிர எதையும் உயர்த்தவில்லை.
என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது.

"ம்" என்றேன்.

அரை மாத்திரை ஒலி.
என் பெட்டியில் இருந்த எந்த மாத்திரையும்
அத்தனை சீக்கிரம் வேலை செய்ததில்லை.

மூன்றாம் கால்பகுதியில், தாவ எழும்போது,
தன்னை உதைத்தது யாரென்று திரும்பிப் பார்த்தான்.
நாண் அறுந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.
பின்னால் யாரும் இல்லை.
பெஞ்சில் நான் இருந்தேன்.

அன்று ஜெயித்தோம்.
யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஊரே ஹார்ன் அடித்தது.
எனக்கு மேலும் மூன்று வருடம் கொடுத்தார்கள்.

இன்று காலை பழைய சந்தையில்
மீன் பெட்டிகளைச் சுமந்து போகும் ஒரு நெட்டை முதுகு.
வலது கால் தரையைத் தள்ளிவிட்டுப் போனது,
இடது கால் தரையிடம் அனுமதி கேட்டது.
முகம் பார்க்குமுன் தெரிந்துவிட்டது.
புகையூட்டிய விலாங்கு ஒன்று கேட்டேன்.
காகிதத்தில் சுருட்டி, மேலே இரண்டு சுற்று,
குறுக்கே ஓர் எட்டுப் போட்டுக் கயிற்றை இழுத்தவன்
நிமிராமலே கேட்டான்:
"இறுக்குதா, டாக்டர்?"
முழு விலையும் வாங்கிக்கொண்டான்.
மீதி எழுபது சென்ட்டை எண்ணி வைத்தான்.

மணி ஆறு. ஏழுக்கு ஆட்டம்.
மேசையில் பத்தொன்பது வயது முழங்கால் ஒன்று.
வலி இல்லை என்கிறது.
மூன்று முறை சோப்புப் போட்டும்
கையில் புகை வாசம் போகவில்லை.
கதவில் புதிய கோச், அதே புருவம்.
உதடுகள் சேர்ந்தால்தான் அந்த எழுத்துப் பிறக்கும்.
வாயைத் திறந்தே வைத்திருக்கிறேன்.