ஒரு ராடுக்கு மூன்று போன்

பத்தொன்பது கிலோ.
தோணியில் என் பக்கத்தில்
டிக்கெட் வாங்காத ஆள் போல
உட்கார்ந்து வந்தது மெஷின்.
தனப்பின் வாய்க்காலுக்கு அப்பால்
கம்பங்கள் நிற்கின்றன, கம்பி இல்லை.
வெள்ளம் வந்து பன்னிரண்டாம் நாள்.

கரையில் இறங்கியதும்
"ஸயா எங்கே?" என்றான் ஒருவன்.
"நான்தான்."
அவன் தோணிக்குள் இன்னொரு முறை
எட்டிப் பார்த்தான்.

வேலை இதுதான்:
ஊ போ தவுங்கின் டீசல் பம்ப்.
அதைத் தாங்கும் இரும்புக் கால் நான்கில்
இரண்டில் விரிசல்.
தண்ணீரை வெளியே இறைக்காவிட்டால்
வயல் மொத்தமும் வேரோடு அழுகும்.

முழு சார்ஜுக்கு இருபத்திரண்டு ராடு எரியும்.
இரண்டரை மில்லிமீட்டர், எண்பது ஆம்ப்.
நமுத்துப்போகக் கூடாதென்று
பாலித்தீனில் சுற்றி
இடுப்பில் செருகி வந்தேன்,
பிஸ்கட் போல.

துரு போகச் சுரண்டினேன்.
க்ளாம்பைக் கடிக்கவிட்டேன்.
முகமூடி இறங்கியதும் உலகம் கரும்பச்சை,
நடுவே மிளகளவு வெளிச்சம்.
அது போன இடமெல்லாம்
இரும்பு கஞ்சியாகி
மறுபடி இரும்பானது.

ஒன்பதாவது ராடு தீர்ந்து நிமிர்ந்தால்
சுற்றிலும் ஆட்கள்.
யாரும் பம்பைப் பார்க்கவில்லை.
மெஷினின் விலாவில் இருந்த
ப்ளக் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மா எய் ப்யூ, கன்னத்தில் தனாக்கா காய்ந்து உதிர,
லுங்கி மடிப்பிலிருந்து ஒரு போன் எடுத்தாள்.
நாகமணி அண்ணி இரண்டு.
தையல்காரர் சவரிராயன்
சார்ஜரைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தார்.

"இது வெல்டிங்குக்கு" என்றேன் பர்மியத்தில்.
தமிழிலும் சொன்னேன்.
இரண்டு மொழியிலும் அவர்கள் நகரவில்லை.

"டவரே செத்துக் கிடக்கு.
யாரைக் கூப்பிடப் போறீங்க?"

யாரையும் இல்லை என்றார் சவரிராயன்.
ஈப்போவிலிருந்து மகன் அனுப்பிய குரல் ஒன்று
உள்ளே இருக்கிறதாம்.
அடுப்பில் மீன் கருகுது,
அப்புறம் பேசறேன்ப்பா என்று.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். பதினோரு விநாடி."

கணக்குப் போட்டேன்.
ஒரு ராடுக்கு மூன்று போன்,
அதுவும் முழுசாக இல்லை, பாதிக்கு.
ஒரு கால் முடிந்தது.
இன்னொன்றுக்கு மீதிப் பதின்மூன்றும் வேண்டும்.
உள்பக்கத்தை விட்டுவிட்டால்
எட்டிலும் நிற்கும்.
நிற்கும் என்றுதான் நினைத்தேன்.

ஊ போ தவுங் கத்தினார்.
காசு கொடுப்பவன் நான்,
அழுகுவது என் நெல் என்றார்.
அவர் சொன்னதில் தவறே இல்லை,
அதனால் எனக்குப் பதிலும் இல்லை.

எட்டு ராடு எரித்தேன்.
கசடு தட்டினேன்.
அறுப்பு முடிந்ததும் வந்து
உள்பக்கம் போடுகிறேன்,
அதற்குக் கூலி வேண்டாம் என்றேன்.
அவர் வாய்க்காலைப் பார்த்து நின்றார்.
பம்பைக் கிளப்பினார்கள்.
கால் உதறியது, நின்றது.

பிறகு ஒரு பலகை, ஏழெட்டு வயர்.
பதினைந்து போன்
தாய்ப்பன்றியிடம் குட்டிகள் போல.
பேச்சே இல்லை.
அவரவர் சதவீதத்தை
அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாவதாக ஊ போ தவுங் வந்தார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
கண்ணாடி நொறுங்கிய போனை மட்டும் நீட்டினார்.
மெஷினில் கடைசிப் பட்டை
சிவப்பில் துடித்தது.
செருகினேன்.

மெஷின் காலி.
தூக்கினால் அதே பத்தொன்பது கிலோ.
தோணியில் ஏற்றி உட்கார்ந்தபோது
பின்னால் பம்ப் நின்றுபோனது.

என் தையல்தான் விட்டுவிட்டது என்று
வயிறு ஒரு முறை புரண்டது.
திரும்பிப் பார்த்தேன்.

அணைத்தது அவர்தான்.
முழங்கால் தண்ணீரில் நின்று
போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார்.

துடுப்பைத் தொட வேண்டாமென்று
தோணிக்காரனுக்குக் கை காட்டினேன்.

பம்ப் இருமி, மறுபடி ஓடியது.